‘இருக்கிறது’ என்றால் இருக்கிறதா?

நம் கிளப் ஹவுஸ் நூலக அறையில் நடந்த மாதச் சந்திப்பில் பேசியது இது. அன்று வர முடியாதவர்கள் கேட்டதால் எழுத்தில் தருகிறேன். பேசும்போது விட்டுப்போன ஓரிரு விஷயங்களையும் சேர்த்திருக்கிறேன்.



செயலாளர் என்னைப் பேசச் சொன்னபோது வழக்கம்போல சீனியர் சிட்டிசன் டெபாசிட், நாமினேஷன் என்று ஏதாவது ஒன்றைத்தான் எதிர்பார்த்தார். போன தடவை ஓடிபி மோசடி பற்றிப் பேசி எல்லாரையும் பயமுறுத்தியாயிற்று. இந்த முறை வேறு விஷயம். நூலகத்தின் இணையப் பட்டியலில் ஒரு புத்தகத்தைத் தேடினால் அதன் பக்கத்தில் ஒரு வார்த்தை வருகிறதே, ‘அவைலபிள்’, ‘செக்ட் அவுட்’, ‘ஆன் ஹோல்ட்’ என்று, அதை எப்படிப் படிப்பது என்று சொல்லப் போகிறேன்.

இதில் சொல்ல என்ன இருக்கிறது, இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை, அவ்வளவுதானே என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். முப்பத்து நான்கு வருஷம் வங்கியில் லெட்ஜர் பார்த்தவன் அப்படி நினைத்தது எனக்கே வெட்கமாக இருக்கிறது. அந்த நினைப்பால் ஏழு மாதம் வீணாயிற்று. வீணானது என்னுடைய ஏழு மாதமாக இருந்தால் இங்கே வந்து சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

என் அக்கா என்னோடுதான் இருக்கிறார். சாயங்காலம் விளையாட்டுத் திடல் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். வயது 76. கண் அழுத்த நோய். போன பார்வை திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டது இதுதான்: “டேய், ஆரோக்கிய நிகேதனம் எங்கேயாவது கிடைக்குமா பாரு. கண்ணு இருக்கும்போதே இன்னொரு தடவை படிச்சுடறேன்.”

தாராசங்கர் பந்த்யோபாத்யாய வங்காளத்தில் எழுதிய நாவல். த.நா. குமாரஸ்வாமி தமிழாக்கம் செய்தார். மூலத்துக்கு 1956-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. நாடி பிடித்து, இந்த நோயாளி பிழைப்பாரா மாட்டாரா என்று சொல்லிவிடக்கூடிய ஒரு முதிய கிராமத்து வைத்தியரின் கதை. எங்கள் தாத்தாவும் நாடி பார்ப்பவர். அக்கா அவர் மடியில் வளர்ந்தவர். அதனால்தான் அந்தப் புத்தகத்தின் மேல் அத்தனை பிடிப்பு.

நான் சந்தா கட்டியிருந்த நூலகத்தின் பட்டியலை போனில் திறந்தேன். புத்தகத்தின் பெயரை அடித்தேன். வந்தது. பக்கத்தில் ‘செக்ட் அவுட்’. யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள், திரும்பி வரட்டும் என்று மூடினேன். அடுத்த திங்கட்கிழமை பார்த்தேன், அதே. அதற்கடுத்த திங்கட்கிழமையும் அதே. இப்படி ஒவ்வொரு திங்கட்கிழமையும் பல் தேய்ப்பதுபோல ஒரு பழக்கமாயிற்று. முதலில் அக்கா, “வந்துடுச்சாடா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார்.

ஏழாவது மாதம் சந்தா புதுப்பிக்க நேரில் போனேன். கவுண்டரில் இருந்த பெண்மணியிடம் பேச்சுவாக்கில், “யாரம்மா அது, ஒரு புத்தகத்தை இவ்வளவு நாள் படிக்கிறார்?” என்றேன். அவர் திரையை என் பக்கம் திருப்பினார். “சார், டியூ டேட் பாருங்க.” நிலைக்கு அடுத்த கட்டத்தில் திருப்ப வேண்டிய கெடு தேதி இருந்தது. அது இரண்டு வருஷத்துக்கு முந்திய தேதி. என் போனில் அந்தக் கட்டம் திரைக்கு வெளியே வலது பக்கம் ஒளிந்திருந்தது. விரலால் ஒரு தள்ளு தள்ளியிருந்தால் தெரிந்திருக்கும். நான் தள்ளவில்லை.

வங்கியில் வட்டியோ தவணையோ 90 நாளைத் தாண்டி நிலுவையில் நின்றால் அந்தக் கடனை வாராக்கடன் என்று வகைப்படுத்துவோம். இரண்டு வருஷம் கட்டாத ஒருவர் அடுத்த திங்கட்கிழமை வந்து கட்டுவார் என்று எந்த மேனேஜரும் காத்திருக்க மாட்டார். நான் காத்திருந்தேன், கடன் எத்தனை நாள் பழையது என்று பார்க்காமலே.

ஆகவே முதல் விஷயம். ‘செக்ட் அவுட்’ என்று இருந்தால் அதோடு நிறுத்தாதீர்கள், கெடு தேதியையும் பாருங்கள். கெடு இன்னும் பத்து நாளில் என்றால் அது உயிருள்ள கடன், திரும்பி வரும். உடனே ‘ஹோல்ட்’ போட்டு, அதாவது எனக்கு வேண்டும் என்று முன்பதிவு செய்துவிட்டு, வேறு வேலை பார்க்கலாம். கெடு தாண்டி ஒரு மாதம் என்றால் சந்தேகம். வருஷக்கணக்கில் என்றால் அந்தப் பிரதியை மறந்துவிட்டு வேறு பிரதி தேட வேண்டும்.

இந்த இடத்தில் அந்த மென்பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டில் பல நூலகங்கள் பயன்படுத்தும் மென்பொருளின் பெயர் கோஹா. நியூசிலாந்தில் ஹோரோவெனுவா என்ற பகுதியின் நூலகங்களுக்காக 1999-இல் எழுதப்பட்டு, 2000 ஜனவரியில் பயனுக்கு வந்தது. கோஹா என்பது மாவோரி மொழியில் அன்பளிப்பு. பெயருக்கேற்ப யாரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். கெடு தாண்டி இத்தனை நாள் ஆனால் ‘லாங் ஓவர்டியூ’ என்று தானாகவே மாற்றிவிடும் வசதி அதில் உண்டு. ஆனால் எத்தனை நாள் என்பதை நூலகம்தான் அமைத்து, அந்த வசதியை இயக்கியும் வைக்க வேண்டும். அமைக்காவிட்டால் இரண்டு வருஷம் என்ன, இருபது வருஷம் ஆனாலும் ‘செக்ட் அவுட்’ ‘செக்ட் அவுட்’தான். நான் பார்த்தது அப்படி அமைக்காத ஒன்று.

அந்தப் பெண்மணி அதோடு விடவில்லை. “வேற காப்பி இருக்கான்னு பாக்கலாம் சார்” என்று ஆசிரியர் பெயரில் தேடினார். இன்னொரு பதிவு வந்தது. அதில் புத்தகத்தின் பெயர் ‘ஆரோக்ய நிகேதனம்’. ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம், நான் ‘ஆரோக்கிய’ என்று அடித்திருந்தேன். நூலகத்தின் கிளை ஒன்றில் பிரதி இருந்தது. நிலை: ‘அவைலபிள்’. ஏழு மாதமும் அது அங்கேயே இருந்திருக்கலாம்.

தமிழ்ப் புத்தகம் தேடுகிறவர்களுக்கு இது பெரிய தொல்லை. குமாரசாமி, குமாரஸ்வாமி. ஜெயகாந்தன், செயகாந்தன். பந்த்யோபாத்யாய என்று ஒருவர் பதிவார், பானர்ஜி என்று இன்னொருவர் பதிவார், இருவரும் ஒரே ஆள். சில நூலகங்களில் தமிழ்ப் புத்தகத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் பதிந்து வைத்திருப்பார்கள், அங்கே தமிழில் அடித்தால் ஒன்றுமே வராது. கூகுள் நம் எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுத்துக் கொடுத்து நம்மைக் கெடுத்துவைத்திருக்கிறது. நூலகப் பட்டியல் பெரும்பாலும் அப்படித் திருத்தாது. பெயரில் சந்தேகமில்லாத ஒரு சொல்லை மட்டும் அடியுங்கள். ‘நிகேதனம்’ என்று மட்டும் அடித்திருந்தால் எனக்கு இரண்டு பதிவுமே வந்திருக்கும்.

சரி, ‘அவைலபிள்’ என்று பார்த்தாயிற்று. ஆட்டோ பிடித்து அந்தக் கிளைக்குப் போனேன். தமிழ் நாவல் அலமாரியில் ஆசிரியர் பெயர் வரிசையில் ‘தா’ பார்த்தேன், இல்லை. மொழிபெயர்ப்பாளர் பெயரில் ‘கு’ பார்த்தேன், இல்லை. குனிந்து நிமிர்ந்து முதுகு வலித்ததுதான் மிச்சம்.

அங்கே இருந்த உதவியாளர் இளைஞர். “பெங்காலி ரேக் பாத்தீங்களா சார்?” என்றார். தமிழ்ப் புத்தகத்தைப் பெங்காலி ரேக்கில் ஏன் பார்க்க வேண்டும் என்று எனக்குக் கோபம். அவர் பொறுமையாகச் சொன்னார். டூயி பகுப்பு முறையில் இலக்கியத்தை அது முதலில் எழுதப்பட்ட மொழியின் கீழ்தான் வைப்பார்கள். தமிழில் எழுதிய நாவலுக்கு 894.8113. வங்காள நாவல் தமிழில் வந்தாலும் அதற்கு 891.443 தான். மூன்று நான்கு அலமாரி தள்ளி இருக்கும். பட்டியலில் நிலைக்குப் பக்கத்திலேயே இந்த எண் இருக்கும். அதுதான் புத்தகத்தின் வீட்டு முகவரி. நாம் பிளாக், ஃப்ளாட் எண் கேட்காமல் ஸ்விக்கிக்காரர் வந்து கேட்டில் நின்று முழிப்பதைப் பார்த்துச் சிரிக்கிறோம். நான் அன்று அதே நிலையில் இருந்தேன். கிளம்பும் முன் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டாவது போங்கள்.

891.443-க்குப் போனோம். அங்கேயும் இல்லை.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் திரும்பி வந்துவிடுவோம். ‘கம்ப்யூட்டர்ல இருக்குன்னு போட்டிருக்கான், நேர்ல இல்ல’ என்று வீட்டில் சொல்வோம். எனக்கும் வாய் வரை வந்தது. ஆனால் நின்று யோசித்தபோது, முப்பது வருஷத்துக்கு முன் கவுண்டரில் நான் ஒரு வாடிக்கையாளரிடம், “உங்க கணக்குல பேலன்ஸ் இருக்கு சார்” என்று சொன்னதும், முந்தின நாள் வந்த அவருடைய காசோலை இன்னும் லெட்ஜரில் ஏறாமல் என் பக்கத்து ட்ரேயில் கிடந்ததும் நினைவுக்கு வந்தது. லெட்ஜர் பொய் சொல்லவில்லை. அதில் கடைசியாக யார் என்ன எழுதினார்களோ, அது வரைக்கும்தான் அதற்குத் தெரியும்.

நூலகப் பட்டியலும் அப்படியே. ‘அவைலபிள்’ என்பது யாரோ போய் அலமாரியைப் பார்த்துவிட்டு வந்து எழுதிய வார்த்தை என்று நாம் நினைக்கிறோம். யாரும் பார்க்கவில்லை. இந்தப் பிரதியை எடுத்துப் போனதாகவோ, தொலைந்ததாகவோ, வேறு எங்கோ போனதாகவோ எவரும் பதிவு செய்யவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். யாரும் எதுவும் பதியாவிட்டால் கம்ப்யூட்டர் தானாகவே ‘அவைலபிள்’ என்று காட்டும்.

பி.காம் படித்தவர்கள் ஆடிட்டிங் பாடத்தில் வவுச்சிங், வெரிஃபிகேஷன் என்று இரண்டு படித்திருப்பீர்கள். பதிவுக்கு ஆதாரம் இருக்கிறதா என்று பார்ப்பது வவுச்சிங். பொருளே நேரில் இருக்கிறதா என்று பார்ப்பது வெரிஃபிகேஷன். நூலகத்தில் வெரிஃபிகேஷன் எத்தனை தடவை நடக்கும்? மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017-இல் வந்தது, 215-ஆம் விதியில் சொல்கிறது: 20,000 புத்தகம் வரை உள்ள நூலகம் வருஷா வருஷம் முழுவதையும் சரிபார்க்க வேண்டும். 20,000-க்கு மேல் 50,000 வரை என்றால் மூன்று வருஷத்துக்கு ஒரு முறையாவது. அதற்கும் மேல் என்றால் மூன்று வருஷத்துக்குள் ஒரு முறை மாதிரிக்குச் சிலவற்றை மட்டும் பார்த்தால் போதும், குறைவு அளவுக்கு மீறித் தெரிந்தால்தான் முழுவதும். மத்திய அரசு நூலகங்களுக்கான விதி இது. மற்ற நூலகங்களின் நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். லட்சம் புத்தகம் உள்ள இடத்தில், யாரும் எடுத்துப் போகாத ஒரு புத்தகத்தை ஊழியர் எவரும் பல வருஷம் கையால் தொடாமலே அது ‘அவைலபிள்’ ஆக இருக்க முடியும்.

அதே விதியில் இன்னொன்று. வருஷத்தில் வெளியே கொடுத்த, உள்ளே படிக்கக் கொடுத்த ஒவ்வொரு 1,000 புத்தகத்துக்கும் 5 புத்தகம் காணாமல் போனால், அதில் நாணயக் குறைவோ அலட்சியமோ இல்லாதவரை, அதை நியாயமான இழப்பாக எடுத்துக்கொள்ளலாம். 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட புத்தகமும், விலை எதுவானாலும் அரிய புத்தகமும் தொலைந்தால் கட்டாயம் விசாரிக்க வேண்டும். நான் இதைப் படித்தபோது அசந்துபோனேன். கேஷில் பத்து ரூபாய் குறைந்தால் ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்து தேடியவன் நான். ஆனால் நூலகத்துக்கு இதுதான் சரி. திறந்த அலமாரி வைத்து, வருகிற எல்லாரையும் கைவிட்டு எடுத்துப் பார்க்க விட்டால் கொஞ்சம் தொலையத்தான் செய்யும். பூட்டி வைத்தால் ஒன்றும் தொலையாது, ஒருவரும் படிக்கவும் மாட்டார்கள்.

அந்த இளைஞர் கம்ப்யூட்டருக்குத் திரும்பிப் போய் ஒரு காரியம் செய்தார். இன்று நான் சொல்வதில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். கோஹாவில் ஊழியர்களுக்கு மட்டும் தெரியும் பக்கத்தில் ‘லாஸ்ட் சீன்’ என்று ஒரு தேதி உண்டு, அதாவது அந்தப் பிரதி கடைசியாக ஊழியர் கையில் பட்ட தேதி. கொடுத்தாலும், திரும்ப வாங்கினாலும், சரிபார்ப்பில் ஸ்கேன் செய்தாலும் அது புதுப்பிக்கப்படும். நமக்கு வழக்கமாகக் காட்டாது, கேட்டால் சொல்வார்கள். அவர் பார்த்துவிட்டு, “முந்தாநாள் ரிட்டர்ன் ஆயிருக்கு சார், இங்கதான் இருக்கணும்” என்றார்.

யாரோ ஒருவர் படித்துவிட்டு முந்தாநாள் திருப்பியிருக்கிறார். திருப்பி வாங்கி ஸ்கேன் செய்த அந்த நொடியே நிலை ‘அவைலபிள்’ ஆகிவிட்டது. புத்தகம் மட்டும் அலமாரிக்குப் போகவில்லை. கவுண்டருக்குப் பின்னால் ஒரு தள்ளுவண்டி, அதில் திரும்பி வந்த புத்தகங்கள் அடுக்கியிருந்தன. மூன்றாவது தட்டில் கிடைத்தது. முதுகில் ஒட்டிய சீட்டில் 891.443 என்று இருந்தது.

அந்த ‘லாஸ்ட் சீன்’ தேதி 2016 என்று இருந்திருந்தால் நான் தேடாமல் வீட்டுக்கு வந்திருப்பேன். போன வாரம் என்றால் அது கட்டடத்துக்குள்தான் இருக்கிறது. தள்ளுவண்டியில், யாராவது படித்துவிட்டு மேஜையில் விட்டுப் போயிருப்பதில், இல்லாவிட்டால் அக்கம்பக்கத்துத் தட்டில் தவறாகச் செருகியதில். தயவுசெய்து எடுத்த புத்தகத்தை நீங்களே அலமாரியில் செருகாதீர்கள். உதவுவதாக நினைத்து எல்லாரும் செய்கிற தப்பு இது. மேஜையில் விட்டால் ஊழியர் சரியான இடத்தில் வைப்பார். தட்டு மாறிப்போன புத்தகம் பட்டியலில் ‘அவைலபிள்’ ஆகவே இருந்துகொண்டு ஒருவர் கையிலும் கிடைக்காது.

மற்ற வார்த்தைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘ஆன் ஹோல்ட்’ என்றால் இன்னொருவருக்காக எடுத்து வைத்திருக்கிறார்கள். வங்கியில் கணக்கில் லியன் போட்டு வைப்பதுபோல. பணம் இருக்கிறது, உங்களால் எடுக்க முடியாது. அவர் சில நாளுக்குள் வந்து வாங்காவிட்டால் அடுத்தவருக்குப் போகும், அதனால் நீங்களும் வரிசையில் நிற்கலாம். ‘இன் டிரான்சிட்’ என்றால் ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. எந்தத் தேதியிலிருந்து என்று போட்டிருந்தால் பாருங்கள். ஒரே ஊருக்குள் மூன்று மாதமாகப் பயணம் செய்யும் புத்தகம் எங்கோ மூட்டையில் கிடக்கிறது என்று அர்த்தம், போன் செய்து கேளுங்கள். ‘ஆர்டர்ட்’ என்றால் இன்னும் வாங்கி வரவில்லை. ‘டேமேஜ்ட்’ என்றால் கிழிந்தது, பைண்டிங்குக்குப் போயிருக்கலாம். ‘மிஸ்ஸிங்’ என்றால் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை என்று ஊழியரே எழுதியது. ‘வித்டிரான்’ என்பது கணக்கிலிருந்து கழித்தது, நம் பாஷையில் ரைட் ஆஃப்.

தொலைந்த புத்தகத்தை ஏன் பட்டியலில் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு நண்பர் கேட்டார். ஒரு சொத்தை நினைத்தபோது கணக்கிலிருந்து அடித்துவிட முடியாது, அதற்கு மேலிடத்து ஒப்புதல் வேண்டும், ஆடிட் உண்டு. வங்கியில் ஓர் உடைந்த நாற்காலியைக் கழிக்க நாங்கள் எழுதிய கடிதங்களை அடுக்கினால் அதன் மேல் உட்காரலாம்.

‘நாட் ஃபார் லோன்’ என்பதைப் பார்த்து மட்டும் மனம் தளராதீர்கள். வீட்டுக்குத் தர மாட்டார்கள், அங்கேயே படிக்கலாம், அவ்வளவுதான். என் பார்வையில் நம்பகமான நிலையும் அதுதான், வெளியே போகாத புத்தகம் என்பதால். எழும்பூரில் கன்னிமாரா நூலகம் 1896 முதல் இருக்கிறது. 1954-இல் வந்த சட்டப்படி, இந்தியாவில் புத்தகம் வெளியிடுகிற ஒவ்வொரு பதிப்பாளரும் 30 நாளுக்குள் தன் செலவில் ஒரு பிரதி அனுப்ப வேண்டிய நான்கு நூலகங்களில் அது ஒன்று. மற்றவை கொல்கத்தா, மும்பை, டெல்லியில் இருக்கின்றன. அப்படி வந்து சேரும் பிரதி பாதுகாத்து வைப்பதற்கானது. கடையில் அச்சில் இல்லை என்று சொல்லிவிட்ட புத்தகத்தைக் கேட்டு அங்கே போய்ப் பாருங்கள். ஒரு மத்தியானம் கையில் வைத்துப் படித்துவிட்டு வரலாம்.

‘ஓசியில் கிடைப்பதற்கு இவ்வளவு அலைச்சலா’ என்று பி பிளாக் நண்பர் சிரித்தார். நம் ஊர்ப் பொது நூலகங்கள் ஓசி இல்லை. 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவில் அப்படி வந்த முதல் சட்டம். அதன்படி நாம் சொத்து வரி கட்டும்போது ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகச் சேர்த்துக் கட்டுகிறோம். அரையாண்டுக்கு 4,000 ரூபாய் சொத்து வரி என்றால் 400 ரூபாய். தண்ணீர் லாரி வரவில்லை என்றால் வாட்ஸ்அப் குழுவில் நாற்பது மெசேஜ் போடுகிறோம். பட்டியலில் இருக்கும் புத்தகம் அலமாரியில் இல்லாவிட்டால் கவுண்டரில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாமே. நாம் சொன்னால்தான் அவர் ‘மிஸ்ஸிங்’ என்று குறிப்பார், அடுத்தவர் வீணாக வர மாட்டார். சண்டை போடச் சொல்லவில்லை. எனக்கு உதவிய இரண்டு பேருமே நான் கேட்டதும் தேடிக் கொடுத்தவர்கள். கேட்காமலிருந்தது என் தப்பு.

இப்போது நம் நூலகத்துக்கு வருகிறேன். இந்த அறையில் பதிவேட்டின்படி 640 புத்தகம் இருக்கிறது. ‘பதிவேட்டின்படி’ என்பதைக் கவனியுங்கள். செயலாளர் இதை கூகுள் ஷீட்டில் ஏற்றி எல்லாருக்கும் லிங்க் அனுப்பலாம் என்கிறார். நல்ல யோசனை. ஆனால் என் ஒரு நிபந்தனை, ‘இருக்கிறது, இல்லை’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘கடைசியாகப் பார்த்த தேதி’ என்று ஒரு கட்டம் வேண்டும். அது இல்லாமல் ஏற்றினால் ஒரே வருஷத்தில் நம்முடையதும் இன்னொரு பொய்ப் பட்டியலாகிவிடும். 640 புத்தகத்தை எண்ணுவது இரண்டு பேருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. நான் ஒருவன் தயார், இன்னொருவர் வேண்டும். கழுத்து வலி இல்லாதவராக இருந்தால் மேல் தட்டு அவருக்கு. பிறகு, சி பிளாக்கில் ஒருவர் வீட்டில் நம் சமையல் புத்தகம் ஒன்று இரண்டு வருஷமாக இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன். அபராதமும் கிடையாது. ராத்திரி யாரும் பார்க்காதபோது செக்யூரிட்டி மேஜையில் வைத்துவிட்டால் போதும்.

பேசி முடித்ததும் இரண்டு மூன்று பேர் கேட்டீர்கள், அக்கா புத்தகத்தைப் படித்தாரா என்று. அன்று சொல்லாமல் விட்டது, இங்கே சொல்கிறேன்.

புத்தகத்தைக் கையில் கொடுத்ததும் அக்கா முதலில் முகர்ந்து பார்த்தார். பிறகு கண்ணாடியை மாற்றி, விளக்குக்கு அடியில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பழைய அச்சு, பொடி எழுத்து. முதல் பக்கத்தில் பாதி தாண்டுவதற்குள் நீர் வழிய ஆரம்பித்தது. ஏழு மாதம் முன்னால் அதே எழுத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர். ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். “நீயே படிடா” என்றார்.

அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் நான் சத்தமாக வாசிப்பேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நாடி பிடிக்கும் இடங்கள் வந்தால், “மெதுவா, மெதுவா” என்பார். சில இடங்களில் என்னை நிறுத்திவிட்டுத் தாத்தா கதைக்குப் போய்விடுவார், அன்றைக்கு நாலு பக்கம்தான். பதினைந்து நாள் கெடு போதவில்லை. இணையத்திலேயே ஒரு முறை புதுப்பித்தேன். இரண்டாம் முறை புதுப்பிக்கப் போனால் முடியாது என்றது, வேறொருவர் அதற்கு ஹோல்ட் போட்டிருந்தார். இன்னும் நாற்பது பக்கம் பாக்கி.

மறுநாள்தான் கெடு. அன்று ராத்திரி அக்கா தூங்கப் போகவில்லை, என்னையும் விடவில்லை. பதினொன்றரை மணிக்கு முடித்தோம். காலையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் போனில் பார்த்தபோது ‘ஆன் ஹோல்ட்’ என்று மாறியிருந்தது. அக்காவிடம் சொன்னேன். “யாருடா கேட்டிருக்கா?” என்றார். அதைப் பட்டியல் சொல்லாது என்றேன்.